ஒரு தப்பும் இல்லாதவள்

இயற்பியல் துறைக் கட்டிடத்தில் மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை இருக்கிறது. படச்சுருள் கழுவிய காலத்தில் அது இருட்டறை. இப்போது மாணவர் மன்றத்தின் அறை. ஜன்னல் கிடையாது. மின்விசிறியைப் போட்டால் பேச்சுக் கேட்காது, நிறுத்தினால் மூச்சு முட்டும். மாடியிலிருந்து யாராவது தடதடவென்று இறங்கினால் தலைமேல் சுண்ணாம்பு உதிரும். எலி வளையானாலும் தனி வளை என்று பதினோரு பேர் அதைக் கட்டிக்கொண்டு கிடந்தார்கள்.

அந்த மன்றத்தில் சேர விண்ணப்பம் வேண்டாம், மதிப்பெண் வேண்டாம். தான் செய்த தப்பு ஒன்றைக் கரும்பலகையில் போட்டுக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். குடையைப் பேருந்தில் விட்டேன், சாவியைத் தொலைத்தேன் என்பதெல்லாம் செல்லாது. அளப்பதிலோ கணக்கிலோ சோதனையிலோ, இதுதான் சரி என்று மனதார நம்பி, பிறகு மண்ணைக் கவ்வியிருக்க வேண்டும். முதலிலிருந்து கடைசி வரை தப்பு உட்பட எழுத வேண்டும். மற்றவர்கள் குடைந்து குடைந்து கேள்வி கேட்பார்கள். எல்லோருக்கும் திருப்தியானால் அந்தத் தப்பே அவர்களுக்குப் பெயராகி, கதவின் உள்பக்கம் சாயத்தால் எழுதப்படும். விதிகளுக்கும் அலகுகளுக்கும் பெரிய விஞ்ஞானிகளின் பெயரை வைக்கிறார்களே, நம்மால் அந்தப் பக்கம் போக முடியாது, இந்தப் பக்கமாவது போவோம் என்று யாரோ ஒரு குறும்புக்காரர் ஆரம்பித்து வைத்த வழக்கம்.

செயலாளராக இருந்தவளின் பெயர் ரேடியன். கால்குலேட்டரை டிகிரியில் வைத்துக்கொண்டு, ரேடியனில் போட வேண்டிய கணக்குகளை ஒரு பருவம் முழுக்கப் போட்டுத் தள்ளியவள். போதாக்குறைக்கு, உங்கள் புத்தகத்தில் விடைகள் தவறு என்று பதிப்பகத்துக்குக் கடிதமும் எழுதினாள். ஆராய்ச்சி மாணவர் ஒருவர் இருந்தார், மன்றத்துக்கே மூத்தவர். அவர் பெயர் ஃபிரிட்ஜ். இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை தலைகாட்டும் மர்மத் துடிப்பு ஒன்றை மூன்று மாதம் அளந்து, கட்டுரை எழுத உட்கார்ந்தபோதுதான் அது பக்கத்து அறைக் குளிர்பதனப் பெட்டி என்று தெரிந்தது. தூசி என்றொரு பையன். தொலைநோக்கிக் கண்ணாடியில் ஒட்டியிருந்ததைப் புதுக் கோள் என்று நினைத்து, வீதி முழுக்க இனிப்பு வாங்கிக் கொடுத்தவன்.

அங்கே வருகிறவர்களில் ஒருத்தி மட்டும் பெயரில்லாமல் இருந்தாள். ஆஸ்பத்திரி பார்மசிஸ்ட் ஒருவரின் ஒரே மகள், இரண்டாம் ஆண்டு. நான்கு மாதமாக ஒரு புதன்கிழமை தவறாமல் வந்து, கதவோரத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். மற்றவர்கள் தப்புச் சொல்லும்போது வாய்விட்டுச் சிரித்தாள். வேறு எந்த இடத்திலும் அவள் அப்படிச் சிரித்ததே இல்லை. ஆனால் அவளிடம் ஒரு தப்பும் இல்லை. எண்ணிலும் இல்லை, எழுத்திலும் இல்லை, ஆய்வகத்தில் ஒரு கண்ணாடிக் குழாயைக்கூட உடைத்ததில்லை. இப்படியும் ஒரு ஜன்மம் இருக்குமா என்று நீங்கள் கேட்கலாம். மன்றமும் அதைத்தான் கேட்டது.

“இந்த வாரம் ஏதாவது இருக்குங்களா உங்ககிட்ட?” என்பாள் ரேடியன்.

“இல்லைங்க.”

“பரவால்ல, உக்காருங்க.”

அந்த ‘ங்க’தான் அவளைக் குத்தியது. அங்கே எல்லோரும் எல்லோரையும் வாடா போடி என்றார்கள், முதுகில் தட்டினார்கள், ஒருவர் தட்டிலிருந்து ஒருவர் பிடுங்கித் தின்றார்கள். இவள் வந்தால் மட்டும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்கள். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை, விருந்தாளிக்கு எப்போது குறை வைத்தோம்?

அவள் இப்படி வளர்ந்ததற்குக் காரணம் வீடு. அப்பா, மருத்துவர் எழுதிய சீட்டை மூன்று தடவை படித்துவிட்டுத்தான் மருந்தை எடுப்பார். எடுத்த மருந்தின் அட்டையை இன்னும் மூன்று தடவை படிப்பார். வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுத்தாலும் கேட்கமாட்டார். வீட்டில் உப்பு டப்பாவிலும் சர்க்கரை டப்பாவிலும்கூட அவர் கையெழுத்தில் சீட்டு ஒட்டியிருக்கும். “என் கழுத்துல மட்டும்தான் இன்னும் ஒட்டல” என்பாள் அம்மா. மகள் ஒண்ணாம் வகுப்பில் மூன்றைத் திருப்பிப் போட்டு வந்த நாளிலிருந்து அவர் சொன்னது ஒன்றே: “தப்புல சின்னது பெரிசுன்னு கிடையாதும்மா. கவனமா இரு.” அவர் அடித்ததில்லை, அதட்டியதுகூட இல்லை. முகம் வெளுத்துப்போய்ச் சொல்வார், அதற்கே அவள் பயந்து பழகிவிட்டாள்.

ஆண்டுக்கு ஒரு நாள் துறையின் கதவுகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார்கள். அன்றைக்கு மன்றம் ஏதாவது வேடிக்கை காட்ட வேண்டும். அந்த வருஷம் ஊசல் வரிசை என்று முடிவாயிற்று. பதினைந்து எஃகுக் குண்டுகள், ஒன்றைவிட ஒன்று கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையான நூல்களில். எல்லாவற்றையும் ஒரு பலகையால் ஒன்றாகத் தள்ளிப் பிடித்து, பலகையை விலக்க வேண்டும். ஆடத் தொடங்கும்போது நேர்கோடு. பிறகு ஒன்றுக்கொன்று பிந்திப் பாம்பாக நெளியும், இரண்டு கட்சியாகப் பிரியும், சந்தைக் கூட்டமாகக் கலையும். நீளங்கள் சரியாக இருந்தால் அறுபதாவது வினாடியில் பதினைந்தும் மறுபடி ஒரே கோட்டில் வந்து சேரும்.

நீளங்களைக் கணக்குப் போடும் வேலை அவளிடம் வந்தது. வேறு யாரிடம் கொடுப்பார்கள்? பட்டறையில் பழைய பேரிங்குகளை உடைத்துக் குண்டுகள் வாங்கி வந்தாள், நைலான் நூல் வாங்கினாள், மில்லிமீட்டரில் பாதி வரை அளந்தாள். நீளமானது முப்பத்து நான்கு சென்டிமீட்டர், குட்டையானது இருபத்தொன்று. மூன்று தடவை ஆட்டிப் பார்த்தாள். மூன்று தடவையும் அறுபதாவது வினாடியில் பட்டாளத்து அணிவகுப்புப்போல வந்து நின்றது. தூசி விசில் அடித்தான்.

“சூப்பருங்க!” என்றான்.

அந்த ‘ங்க’ அன்றைக்குத் தாங்க முடியாமல் போயிற்று. அடுத்த புதன்கிழமை, ரேடியன் கேட்பதற்கு முன்பே அவள் எழுந்தாள். “என்கிட்ட ஒண்ணு இருக்குங்க.”

அறை ஆரவாரித்தது. சுண்ணாம்புத் துண்டைக் கையில் திணித்தார்கள். அவள் எழுதினாள்: ஊசலின் நீளத்தைக் குண்டின் நடுப்புள்ளி வரை அளக்காமல், நூலின் முனையோடு நிறுத்திவிட்டாளாம். குண்டின் ஆரம் கணக்கில் விட்டுப்போனதாம். முதல் முறை கட்டியபோது அதனால் வரிசை சேரவில்லையாம். பிறகு கண்டுபிடித்துத் திருத்தினாளாம். கரும்பலகையில் எழுத்து முத்து முத்தாக இருந்தது.

ஃபிரிட்ஜ் தாடையைச் சொறிந்துகொண்டு கேட்டார். “முதல் தடவை சேரலன்னு சொன்னீங்களே, எந்தப் பக்கம் பிந்துச்சு? நீள நூல் பக்கமா, குட்டை நூல் பக்கமா?”

அவள் கூரையைப் பார்த்தாள். உதடுகள் அசைந்தன. ஆரத்தைக் கூட்டினால் குட்டை நூலுக்கு விகிதம் அதிகம், ஆகவே அலைவு நேரம்…

“குட்டைப் பக்கம்தான் அதிகமா பிந்துச்சு” என்றாள். சரியான விடை.

“கணக்குப் போட்டுச் சொல்றீங்க” என்றார் ஃபிரிட்ஜ், மெதுவாக. “கண்ணால பார்த்திருந்தா கணக்குப் போட வேண்டியிருக்காதுங்க.”

அந்த மன்றத்தில் எந்த முட்டாள்தனத்துக்கும் இடமுண்டு. பார்க்காததைப் பார்த்தேன் என்பதற்கு மட்டும் இடமில்லை. தப்பே செய்யாதவள் தப்புச் சொல்லப் போய், அதிலும் பொய் சொல்லி மாட்டிக்கொண்டாள். ரேடியன் எழுந்து துடைப்பானை எடுத்துப் பலகையைத் தானே துடைத்தாள். கோபமாகத் துடைக்கவில்லை, அதுதான் இன்னும் கொடுமை.

“எங்களுக்காக நீங்க எதுவும் செய்து காட்ட வேண்டாங்க” என்றாள். “ஊசலை நீங்கதான் ஆட்டணும். அது உங்க வேலை. இதை விட்டுடுங்க.”

அடுத்த புதன்கிழமை அவள் போகவில்லை. ஊசல் சட்டம் அந்த அறையிலேயே மூலையில் குண்டுகளோடு தொங்கியது. பத்து நாள் அதை யாரும் தொடவில்லை. அவளும் போய்ப் பார்க்கவில்லை. மூன்று தடவை சரிபார்த்தாயிற்று, இனி என்ன பார்க்க என்று இருந்துவிட்டாள். உண்மையில் அந்த அறைக் கதவைத் தாண்டவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

திறப்பு நாளில் பெரிய கூடத்தில் எள் போட்டால் எள் விழாது. அப்பா மதிய இடைவேளையில், வேலைச் சட்டையோடு வந்து, பின்வரிசையில் தூண் ஓரமாக நின்றார். மகள் மேடையில் எப்படிப் பேசுவாள் என்று பார்க்க வந்திருந்தார். அவள் நன்றாகத்தான் பேசினாள். சுவரில் பெரிய எண்களில் கடிகாரம் ஓடத் தயாராக இருந்தது.

“சரியா அறுபதாவது வினாடியில பதினஞ்சும் ஒரே கோட்டுல வந்து சேரும்” என்றாள். “நீங்களே எண்ணிப் பாருங்க.”

பலகையை விலக்கினாள். குண்டுகள் ஒன்றாகக் கிளம்பின. நெளிந்தன, பிரிந்தன, கலைந்தன. கூட்டம் ஆஹா என்றது. ஐம்பதைத் தாண்டியதும் எல்லோரும் சத்தமாக எண்ண ஆரம்பித்தார்கள். ஐம்பத்தாறு. ஐம்பத்தேழு. வரிசை இன்னும் நெளிந்துகொண்டிருந்தது. ஐம்பத்தொன்பது. அறுபது!

கோடு வரவில்லை. பாம்பு பாம்பாகவே இருந்தது.

அவள் கையிலிருந்த பலகை முன்னால் பாய்ந்தது.

“ஏய், கைய எடுடி!” என்று மேடை ஓரத்திலிருந்து ரேடியன் கத்தினாள்.

அதற்குள் பதினைந்து குண்டும் கடகடவென்று பலகையில் மோதி நின்றுவிட்டன. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. வாசலில் காவலுக்கு நின்றிருந்த சீருடைக்காரர் தலையை நீட்டி, உள்ளபடியே புரியாமல் கேட்டார்: “வந்துக்கிட்டுதானேம்மா இருந்துச்சு, ஏன் நிறுத்திட்டீங்க?”

அவள் பலகையை மேஜைமேல் வைத்தாள். மேடையை விட்டு இறங்கிப் பக்கக் கதவு வழியாக நடைபாதைக்குப் போய், சுவரில் சாய்ந்து நின்றாள். போகும்போது தூண் ஓரம் பார்த்தாள். அப்பா முகம் வெளுத்திருந்தது. உள்ளே ரேடியன் ஏதோ சொல்லிக் கூட்டத்தைச் சிரிக்க வைப்பது கேட்டது. பிறகு பலகையை விலக்கும் ஓசை. மறுபடி எண்ணினார்கள். பழக்கதோஷம், அவள் கையும் கைக்கடிகாரத்தின் பொத்தானை அமுக்கியது. அறுபது என்று கூடம் கூவியது. ஒன்றும் நடக்கவில்லை. யாரோ “பொறுங்க, பொறுங்க” என்றார்கள். அப்புறம் கூரை இடிந்ததுபோல் கைதட்டல். பொத்தானை அமுக்கிப் பார்த்தாள்.

அறுபத்தொன்றரை.

அங்கேயே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நைலான் நூல் பத்து நாள் பாரத்தில் இழுபட்டிருக்கிறது. எல்லா நூலும் ஒரே விகிதத்தில் நீண்டதால் ஒழுங்கு கெடவில்லை. மெதுவாகியிருக்கிறது, அவ்வளவுதான். ஒன்றரை வினாடி பொறுத்திருந்தால் தானாக வந்து சேர்ந்திருக்கும். உள்ளே திரும்பிப் போனபோது தூண் ஓரம் காலியாக இருந்தது. அப்பா வேலைக்குத் திரும்பிவிட்டார். அன்று மாலையும் அதைப்பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, அடுத்த நாளும் பேசவில்லை. அம்மா இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “இந்த வீட்டுல ரெண்டு ஊமைக்கு நான் ஒருத்தி பேச வேண்டியிருக்கு” என்று சலித்துக்கொண்டாள்.

புதன்கிழமை அவள் போனாள். போகாமல் இருக்க ஆயிரம் காரணம் சொல்லிப் பார்த்தாள், கால் கேட்கவில்லை. கதவைத் திறந்ததும் பதினோரு பேரும் திரும்பினார்கள். யாரும் ஸ்டூலைத் துடைத்துப் போடவில்லை. நேராகப் பலகைக்குப் போய்ச் சுண்ணாம்பை எடுத்தாள். எழுத்து கோணலாக வந்தது. நூலின் நீளம், பாரம், பத்து நாள், இருபதில் ஒரு பங்கு நீட்சி.

“இழுபட்டதுக்கு ஆதாரம்?” என்றாள் ரேடியன்.

“நேத்து வந்து பதினஞ்சையும் அளந்தேன்.” தாளை நீட்டினாள். அடித்தல் திருத்தலோடு, ஓர் இடத்தில் நனைந்து மை கலைந்திருந்தது.

“முதல் நாள் பாரம் தொங்கவிட்டு ரெண்டு நாள் கழிச்சு ஏன் பார்க்கல?” என்றான் தூசி.

“மூணு தடவை பார்த்துட்டேனேன்னு ஒரு திமிரு.”

சிரித்தார்கள். ஃபிரிட்ஜ் சிரிக்கவில்லை. “நூல் இழுபட்டது நூலோட தப்பு. உன் தப்பு எது?” என்று கேட்டார்.

அவள் கூரையைப் பார்க்கவில்லை. உதடும் அசையவில்லை. “ஐம்பத்தெட்டுல எனக்குத் தெரிஞ்சுது. நெளிவு நேராகிக்கிட்டு வருது, இன்னும் கொஞ்சம் விட்டா வந்துடும்னு கண்ணு சொல்லுச்சு. ஆனா நான் அறுபதுன்னு சொல்லிட்டேன். சொன்ன நேரத்துக்கு வரலன்னா எல்லாரும் பார்ப்பாங்க. அவங்க பார்க்கிறதுக்கு முன்னாடி நானே நிறுத்திடணும்னு…” சுண்ணாம்பைக் கீழே வைத்தாள். “வர்றதைத் தெரிஞ்சே நிறுத்தினேன்.”

யாரும் ஆறுதல் சொல்லவில்லை. நல்ல தப்பு ஒன்றைக் கேட்டால் அந்த அறை கொஞ்ச நேரம் இப்படித்தான் உட்கார்ந்திருக்கும். அது அங்கே பெரிய மரியாதை. பிறகு பெயருக்கு அடிதடி ஆரம்பித்தது. அவசரம் என்றான் தூசி. ஒன்றரை என்றார் ஃபிரிட்ஜ். ரேடியன் சாயக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய், யாரையும் கேட்காமல் கதவில் எழுதினாள்: அறுபது.

“இருபது வயசுல அறுபது!” என்று கூவினான் தூசி. “பாட்டி, அந்த பிஸ்கட்டை இப்படிக் கொடு.”

அவள் அழுதுகொண்டே பிஸ்கட் பொட்டலத்தை அவன் தலையில் போட்டாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் தன் வாழ்நாளில் அழுததில்லை.

அன்று மாலை சாப்பிடும்போது அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். பொய்த் தப்பு, மாட்டிக்கொண்டது, அறுபதாவது வினாடி, கதவில் எழுதியது வரை. அப்பா எதிரில் உட்கார்ந்திருக்கிறார் என்பது தெரிந்தே சொன்னாள். அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா பேசாமல் சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்தார். உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அந்தக் கூட்டத்துல வெளியாளுங்க பேசலாமா?”

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. “யாருப்பா?”

“நான் வேலைக்குச் சேர்ந்த ரெண்டாவது வருஷம்” என்றார் அப்பா. நிறுத்தினார். “ரெண்டு மருந்துக்கும் பேர் ஒரே மாதிரி இருக்கும். ஒரு அம்மாவுக்கு மாத்திக் கொடுத்துட்டேன். அந்தம்மா பிழைச்சுட்டாங்க. மூணு நாள் கழிச்சு அவங்களா நடந்து வந்து, நீங்க கொடுத்த மருந்துதான் நல்லாக் கேட்டுதுன்னு எனக்கு நன்றி சொல்லிட்டுப் போனாங்க. நான் வாயே திறக்கல.”

அம்மாவின் சிரிப்பு நின்றிருந்தது. இருபத்து மூன்று வருஷம் கூடவே வாழ்ந்தவளுக்கும் அது புதுசு என்று அவள் முகத்தில் தெரிந்தது. எழுந்து போய் அவர் தோளில் கை வைத்தாள்.

“அங்க நிறையக் கேள்வி கேட்பாங்கப்பா” என்றாள் மகள். “சும்மா விடமாட்டாங்க.”

“கேக்கட்டும்.”

“புதன்கிழமை நாலு மணி.”

அப்பா தலையாட்டினார். கொஞ்சம் யோசித்தார். “பலகையில எழுதிக் காட்டணுமா?”

“ஆமாப்பா. முதல்லேர்ந்து.”

“சரி” என்றார் அப்பா. “எழுதறேன்.”